ஏனோக்கின் மைக்கைப் பிடுங்கியவர்கள்

ஏனோக்கை "மைக் பைத்தியம்" என்று கேலி செய்த கிளப்காரர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவரும் நானும் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் பாறை துளைத்தவர்கள். லீவு நாளில் அவர் கிளப் நடத்தும் ஊரிகம் மைதானத்தில் வர்ணனை செய்வார். 1958 முதல் பதினோரு வருஷம். கால்பந்து, ஹாக்கி, குத்துச்சண்டை, சைக்கிள் பந்தயம், எதையும் விட்டதில்லை. தமிழில் தொடங்கி, தெலுங்கில் கிண்டலடித்து, கன்னடத்தில் கோல் போடுவார். முன்வரிசை அதிகாரிகளுக்கு மட்டும் இங்கிலீஷ். பந்து உயரப் போனால், எங்களைச் சுரங்கத்திலிருந்து ஏற்றிவரும் கேஜைச் சொல்லி, "கேஜ் ஏறுது, கேஜ் ஏறுது!" என்பார். கூட்டம் தொண்டை கிழியக் கத்தும்.

1969 கால்பந்து இறுதி ஆட்டத்தில் பாதியில் தரை அதிர்ந்தது. நிலத்தடியில் பாறை வெடித்தால் அப்படித்தான். அடிக்கடி நடப்பதுதானே என்று சனம் உட்கார்ந்தே இருந்தது. சற்று நேரத்தில் கிளப் குமாஸ்தா தாமோதரன் போனில் வந்த சேதியைச் சீட்டில் எழுதிக்கொண்டு ஏனோக்கிடம் ஓடிவந்தார். மூன்று பேருக்குப் பலத்த அடி, மேலே கொண்டுவருகிறார்கள். பின்னாலேயே கிளப் செயலாளரும் வந்தார்.

"இன்னா ஏனோக்கு, மேட்ச் முடியட்டும்பா. பெங்களூர்லேர்ந்து பெரியவங்க வந்து கீறாங்க."

"உள்ள கீறது அவங்க வூட்டு ஆளா சார்?"

கேட்டுவிட்டு ஏனோக், விபத்து நடந்த சுரங்க ஷாஃப்டின் பெயரை மூன்று மொழியிலும் மைக்கில் சொன்னார். "ஷிஃப்ட்ல ஆளு கீறவங்க எல்லாம் ஓடுங்க!" ஆட்டக்காரர்களும் ஜெர்சியோடு ஓடினார்கள்.

கூட்டத்தில் இருந்த ரத்தினம்மா போய்ச் சேர்ந்தபோது, அடிபட்ட மூவரில் ஒருவனான அவள் புருஷன் சம்பங்கிக்கு உயிர் இருந்தது. கால் மணி நேரம் அவளோடு பேசினான். அப்புறம் போய்விட்டான்.

மறுவாரமே மைக்கைப் பிடுங்கினார்கள். பீதி கிளப்பினாராம்! புருஷன் அடிபட்டுக் கிடப்பதைப் பெண்டாட்டிக்குச் சொன்னால் அது பீதியா? வெட்கங்கெட்டவர்கள். ஓர் ஆபீஸ் ஆள் உட்கார்ந்து இங்கிலீஷில் ஸ்கோர் வாசித்தான். ஏனோக் வேலிக்கு வெளியே நின்று தனக்குள்ளேயே வர்ணனை சொல்லிக்கொண்டிருப்பார்.

கூட்டம் குறைந்துபோகவே 1973இல் செயலாளர் அவர் வீட்டுக்கே வந்தார். "தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. நாளைக்கே மைக்கை எடுத்துக்கோ."

அந்த மைக்குக்காக அவர் எதையும் கொடுப்பார். பேனாவை வாங்கியவர், எழுதாமல் திருப்பி நீட்டினார்.

"ரத்தினம்மாவ கேட்டுட்டு வாங்க சார். நான் சொன்னது தப்புன்னு அவங்க சொல்லட்டும், எழுதறேன்."

அவள் வீடு அதே தொழிலாளர் குடியிருப்பில் நாலு லைன் தள்ளித்தான். கேட்கப் போக அவர்களில் ஒருத்தனுக்கும் முகம் இல்லை. சாகும்வரை ஏனோக்குக்கு மைக்கும் வரவில்லை.