தொட்டிக் கதவில் அர்மான்

பிரான்ஸில், ஃப்ரோன்சாக் மேட்டில் எங்கள் தோட்டத்துக்கும் மார்சலின் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வேலிதான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து திராட்சை பறிக்க வந்தவள், அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரரின் மகன் அர்மானைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். தோட்டம் சின்னதுதான். ஆனால் அவர்களுடைய சிவப்பு ஒயினை ஒரு வாய் குடித்தவர்கள் கொஞ்ச நேரம் பேச்சை மறந்துவிடுவார்கள்.

அக்டோபரில் ஒயினை வடித்த பிறகு சிமெண்டுத் தொட்டிக்குள் தோலும் கொட்டையும் தங்கிவிடும். அடியிலுள்ள சின்னக் கதவு வழியாக நுழைந்து அதை வாரித் தள்ள வேண்டும். ஒல்லியான மார்சலின்தான் எப்போதும் நுழைவாள். அந்த வருடம் ஏணியிலிருந்து விழுந்ததில் அவள் கையில் மாவுக்கட்டு.

"ஆள் கூப்பிட்டுக்கலாம்," என்றாள்.

"எதுக்கு ஆளு? நான் இல்லையா?"

"நீ நுழைஞ்சிடுவே. உன் தொப்பை நுழையுமா?"

அர்மானுக்கு ரோஷம் வந்துவிட்டது. காற்றாடி வைத்து, திராட்சை புளித்ததில் உள்ளே தேங்கியிருந்த நச்சுக்காற்றை வெளியேற்றியதும் தலையைக் கொடுத்தான். தோள் போனது. தொப்பை மாட்டிக்கொண்டது. மார்சலின் கூப்பிட்டு நான் ஓடிப்போய் இழுத்தேன். அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. பிரஸ்ஸல்ஸில் உணவகம் நடத்தும் வான்டர்லிக், ஒயின் வாங்க மறுநாள் வருவதாகச் சொன்னவர், அன்றே வந்துவிட்டார்.

மார்சலின் முகம் மாறாமல் தொட்டியைக் காட்டினாள். "வாங்க ஐயா. இவர்தான் எங்க வீட்டுக்காரர்."

"வணக்கம் ஐயா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வான்டர்லிக் தொப்பியைக் கழற்றி, வெளியே தெரிந்த கால்களுக்கே வணக்கம் சொன்னார். மார்சலின் போன வருட ஒயினை ஊற்றிக் கொடுத்தாள். குடித்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிரமாதம்! யாரு பண்ணது?"

"நான்தான்!" என்றது தொட்டி.

"அப்படியா?" என்று மார்சலின் தொட்டிப் பக்கம் குனிந்தாள். "எப்போ பறிக்கணும், எப்போ வடிக்கணும்னு முடிவு பண்றது யாரு அர்மான்? சொன்னாத்தான் வெளியே எடுப்போம்."

வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்கள் இரண்டு முறை உதைத்துப் பார்த்தன.

"நீதான்."

"காதுல விழல."

"மார்சலின்தான்! இழுங்கய்யா!"

அவள் அடுப்படியிலிருந்து வாத்துக் கொழுப்பு ஜாடியைக் கொண்டுவந்து, நல்ல கையால் அவன் இடுப்பைச் சுற்றித் தாராளமாகப் பூசினாள். வான்டர்லிக் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு காலைப் பிடித்தார். நான் இன்னொன்றை. 'பொளக்' என்று அர்மான் வெளியே வந்த வேகத்தில் மூன்று பேரும், கதவைத் திறந்தபோது வெளியே சரிந்து கிடந்த சக்கைக் குவியலில் விழுந்தோம். வான்டர்லிக்கின் வெள்ளைச் சட்டை கருஞ்சிவப்பாகிவிட்டது. மனிதர் எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். மதியம் வாத்துக்கறியும் உருளைக்கிழங்கும் எங்களோடு சாப்பிட்டு, மீதமிருந்த ஒயின் முழுவதையும் தனக்கே வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அச்சகத்திலிருந்து ஒயின் பாட்டிலுக்குப் புது லேபிள் வந்தது. மேலே மார்சலின் பெயர், அதன் கீழே அர்மான். அவளிடம் சொல்லாமல் அவனே செய்த வேலை.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டான்.

"எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருக்கலாம்," என்றாள்.

ஆனால் ஒன்றை எடுத்துப் போய்க் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். அன்று சாயங்காலம்வரை வேலிக்கு அந்தப் பக்கம் அவள் பாட்டுச் சத்தம் கேட்டது. சுருதி சேரவேயில்லை.