பதிவு என்னுடையது, பூட்டு யாருடையது?

மூன்று வருடங்களுக்கு முன்பு, அக்டோபர் மாதம், சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். இடம், நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த மாதத்தில் பத்து நாட்களுக்குள் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தேன், தொலைக்காட்சிச் சந்தாவை ரத்து செய்தேன், புதிதாக ஒரு ரெக்கார்டர் வாங்கினேன். சந்தா விஷயத்தில் யார் முன்னாலும் தலை குனிய மாட்டேன். முதலில் சொன்னது வேறு.

நகராட்சி அலுவலகம் ஒன்றில் பிறப்பு, இறப்புப் பதிவு எழுதி ஓய்வு பெற்றவள் நான். வேலைக்காலம் முழுக்கத் தேதி எழுதிய கை சும்மா இருக்குமா? ஊரில் நடப்பதை நோட்டில் எழுதி வைப்பேன். நிலக் கணக்கு மாதிரி ஒரு பசலிக்கு ஒரு நோட்டு. ஜூலை முதல் தேதி புது நோட்டு. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், முதல் மழை பெய்த நேரம், யார் வீட்டில் பசு கன்று போட்டது, நான் படித்து முடித்த புத்தகம் எல்லாம் அதில் இருக்கும். தெருவில் தேதித் தகராறு என்றால், “ஆபீஸ் அம்மா நோட்டுல என்ன இருக்கு பாருங்க” என்று என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அடுத்த தெருவில் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் குவைத்தில். ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, தனியாக நின்று சாகுபடி செய்கிறாள். அவள் வயல் கடைமடையில் இருப்பதால் தண்ணீர் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். கடைமடைப் பெண் விவசாயிகளைப் பற்றி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் படம் எடுக்க வந்தவர்கள் அவளிடமும் பேட்டி எடுத்தார்கள். அதே நிகழ்ச்சியில் வேறு இரண்டு ஊர்ப் பெண்களும் பேசினார்கள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு. ஊரே வயலில் இருந்தது, அவளும்தான். வீட்டில் உட்கார்ந்து பார்த்தது நான் ஒருத்தி. எங்கள் சந்தா டிஷ்ஷில் பதிவு செய்யும் வசதி இருந்ததால் பதிவையும் போட்டுவிட்டு, நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பாதியில் கேஸ் சிலிண்டர் வந்தது. புத்தகத்தில் பதிந்து, சிலிண்டரை உள்ளே உருட்டச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால் திரையில் அவளுடைய வயல். ஒரு பெண் குரல் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தது: மேல்மடைக்காரர்கள் ராத்திரி மடையை அடைத்துத் தண்ணீரைத் திருடுகிறார்கள். அப்படியே எழுதினேன், அவள் பெயரைப் போட்டு.

எங்கள் ஊரில் மேல்மடை வயல் என்றால் தெற்குத் தெருக்காரர்களுடையது. நடவுக்குப் போகும் பெண்களும் அந்தத் தெருவினர்தான். அன்று மாலை அவர்களில் இரண்டு பேர் வேலை முடிந்து போகிற வழியில், டிவியில் நம்ம ஊரைக் காட்டினார்களாமே, என்ன வந்தது என்று கேட்டார்கள். நான் நோட்டைப் பார்த்துப் படித்தேன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவளே வந்தாள். வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடி, “அக்கா, நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லல. தெற்குத் தெருக்காரங்க என்னையப் பாத்துக் காறித் துப்பாத குறைதான்” என்றாள்.

“கேமரா முன்னாடி பேசும்போது பதட்டத்துல என்ன வருதுன்னு தெரியாதும்மா. நான் அன்னிக்கே எழுதி வச்சிருக்கேன்” என்றேன் நான்.

பதிவு உள்ளேதான் இருந்தது. ரிமோட்டில் நாலு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. எழுதியது நானல்லவா!

திங்கட்கிழமை சந்தாவை ரத்து செய்தேன். அதற்குக் காரணமே வேறு. நான் கேட்காத விளையாட்டுச் சேனல் கட்டு ஒன்றை அந்தக் கம்பெனி எங்கள் கணக்கில் சேர்ப்பதும், நான் போன் செய்து எடுக்கச் சொல்வதும், அடுத்த மாதம் திரும்பவும் சேர்ப்பதுமாக இருந்தது. மூன்று முறையையும் தேதியோடு எழுதி வைத்திருந்தேன். போனில் படித்துக் காட்டினேன்.

“ஏன் மேடம் எங்கள விட்டுப் போறீங்க? ஏதாவது வருத்தமா?” என்றது எதிர்முனை.

“தம்பி, நான் என்ன ஒங்க வீட்டுக்கு வாக்கப்பட்டா வந்தேன்? கணக்க முடிங்க.”

கிரிக்கெட் பைத்தியமான என் கணவர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நான் அசரவில்லை.

புதன்கிழமை அவளுடைய வயலில் நடவு. சேற்றுழவு முடித்து, பரம்படித்து, நாற்றுக் கட்டுகளை வரப்பில் வைத்துக்கொண்டு காலை ஆறரையிலிருந்து காத்திருந்தாள். ஒரு ஆளும் வரவில்லை. நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும் தெற்குத் தெருப் பெண்மணி சொல்லி அனுப்பியிருந்தது: “எங்களத் திருடின்னு ஊரறியச் சொன்னவ வயல்ல நாங்க எதுக்குக் குனியணும்?” பக்கத்து ஊர் ஆட்களுக்கும் செய்தி போய்விட்டது. நாற்றுக்கு அன்று இருபத்தெட்டு நாள். முப்பத்தைந்தைத் தாண்டினால் நாற்று முற்றிவிடும், நட்டாலும் தூர் கட்டாது. அவளுடைய அந்த வருடத்துச் சம்பாவே அந்த ஏழு நாளில்தான் இருந்தது.

அதைக் கேட்டதும்தான் எனக்குள் ஏதோ இடித்தது. சிலிண்டர் வந்த அந்த ஐந்து நிமிடம் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் பாக்ஸைப் போட்டேன். பதிவுகளின் பட்டியல் வரிசையாகத் தெரிந்தது. நாலு வருடப் பதிவுகள், தேதியோடு. எதை அழுத்தினாலும் ஒரே வாசகம்: சந்தா இல்லாததால் இதைப் பார்க்க இயலாது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிகழ்ச்சிக்காக மறுபடி பணம் கட்டக்கூடத் தயாராக இருந்தேன். அவர்கள் சொன்ன பதில்: “கேன்சல் ஆன கார்டு திரும்ப ஆக்டிவ் ஆகாது மேடம். புது கனெக்‌ஷன் எடுத்துக்கலாம், ஆனா பழைய ரெக்கார்டிங் ஓப்பன் ஆகாது.”

“பதிவு பண்ணுனது நான்.”

“ஆமா மேடம்.”

“என் வீட்டுல, என் கரெண்ட்டுல.”

“ஆமா மேடம். ஆனா சிஸ்டம் அப்படித்தான்.”

அன்று தீர்மானித்தேன், இனி என் பதிவுக்கு இன்னொருவர் பூட்டுப் போட விடமாட்டேன்.

என் நோட்டு இந்த ஒரு விஷயத்தில் உதவியது. அந்த நிகழ்ச்சி எப்போதும் அடுத்த வாரத்துச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மறு ஒளிபரப்பாகும் என்று குறித்து வைத்திருந்தேன். யூடியூபில் தேடியாயிற்று, இல்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தெற்குத் தெருப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கவும் முடியாது; நடவுக் காலத்தில் அந்த நேரத்தில் யார் வீட்டில் இருப்பார்கள்? பதிவு செய்து, மாலையில் அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் டிவியிலேயே காட்ட வேண்டும். செல்போனில் படம் பிடித்தால் போதாதா என்றார் கணவர். டிவியை எடுத்த போன் படத்தை, வெட்டி ஒட்டியது என்று சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்?

வியாழக்கிழமை திருவாரூர் கடைத்தெருவுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு பாய். எங்களுக்குப் பல வருடப் பழக்கம். முதலில் இன்னொரு கம்பெனியின் சந்தா ரெக்கார்டரைக் காட்டினார். “இது ஐநூறு மணி நேரம் பிடிக்கும்க்கா.”

“சந்தாவ நிறுத்துனா பிடிச்சதெல்லாம் தெறக்குமா?”

“ஏன் நிறுத்துறீங்க?”

“நிறுத்துனா?”

அவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அடுத்தது, பதிவுகளைக் கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே சேமித்துத் தருகிற ஒன்று. அதன் அட்டைப்பெட்டியைக்கூட நான் தொடவில்லை. மிச்சம் இருந்தது மாதச் சந்தா இல்லாத இலவச டிஷ்ஷுக்கான பாக்ஸ்கள். சின்னச் சோப்பு டப்பா அளவுதான். பென் டிரைவைச் செருகினால் அதில் பதிவாகும். நான் பார்க்கிற சேனலை மட்டும்தான் பதியும், பரவாயில்லை. அந்த விவசாய நிகழ்ச்சி வரும் சேனல் அதில் இலவசமாகக் கிடைத்தது.

எல்லாம் சரி, பதிந்தது வேறு டிவியில் ஓடுமா? ஓடும் என்றார். காட்டுங்கள் என்றேன். முதல் பாக்ஸில் ஐந்து நிமிடம் பதிந்து, பென் டிரைவைப் பிடுங்கி அடுத்த டிவியில் செருகினால் ஓடவில்லை. அந்த பாக்ஸில் மட்டும்தான் ஓடுமாம். இங்கேயும் பூட்டு! இரண்டாவதில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவதைப் பிரிக்கச் சொன்னேன்.

“அக்கா, பொட்டி வாங்க வந்தீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?” என்றார் பாய்.

“மாப்பிள்ளைன்னா விசாரிக்கிறதோட விட்டுருப்பா பாய். இதுக்கு ஓட்டிப் பாக்குறா” என்றார் என் கணவர். நாலு நாளில் அவர் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது.

மூன்றாவதில் படமும் சத்தமும் அடுத்த டிவியில் தெளிவாக வந்தன. கரெண்ட் போய் வந்தால் தேதி நிற்குமா என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். நிற்கவில்லை, எந்தக் காலத்திலோ ஒரு ஜனவரி முதல் தேதிக்குப் போய் நின்றது. டைமரை நம்புவதில்லை, நானே பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவது என்று முடிவு செய்து அதையே வாங்கினேன். வெள்ளிக்கிழமை ஆள் வந்து டிஷ்ஷை இலவசச் சேனல்கள் கிடைக்கும் பக்கம் திருப்பி வைத்தான். அன்றே என் கணவரைத் தெற்குத் தெருவுக்கு அனுப்பி, அந்தப் பெண்மணி வீட்டு டிவியில் பென் டிரைவ் செருகும் இடம் உண்டா என்று பார்த்துவரச் சொன்னேன். உண்டு.

சனிக்கிழமை பத்தேமுக்காலுக்கே உட்கார்ந்துவிட்டேன். பொத்தானை அழுத்தினேன். இந்த முறை நகரவில்லை.

எங்கள் ஊர்ப் பெண் வரப்பில் நின்று பேசினாள். தண்ணீர் வராததற்கு ஊரில் யார் காரணம் என்று கேட்கிறார்கள். அவள் முறைத்தாள். “எங்க ஊர்ல யாரையும் கொற சொல்ல மாட்டேன் சார். மேமடைக்காரங்க வயலும் காஞ்சுதான் கெடக்கு. வாய்க்காலத் தூர் வார்றோம்னு போர்டு மட்டும் நட்டுட்டுப் போனவங்களப் போயிக் கேளுங்க.” அதோடு அவள் பேட்டி முடிந்தது. அடுத்து, ராத்திரி மடையை அடைக்கிறார்கள் என்று பேசியது வேறு ஊர்க்காரப் பெண். அவள் குரலுக்கு மேல், இணைப்புக்காக எங்கள் ஊர் வயலின் படத்தை மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். சிலிண்டரை வாங்கிக்கொண்டு நான் வந்து உட்கார்ந்தது அந்த இடத்தில்.

பென் டிரைவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாலை ஐந்து மணிக்குத் தெற்குத் தெருவுக்குப் போனேன். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், கால் சேறுகூடச் சரியாகக் காயவில்லை. படம் ஓட ஆரம்பித்ததும் ஒரே சிரிப்பு. “அடியே, அது ஒன் ஆடுதானே?” “ஆட்ட மட்டும் காட்டுறான், என்னையக் காட்டலையே!” அவள் பேச ஆரம்பித்தபோது சிரிப்பு நின்றது. முடிந்ததும், தள்ளி மறுபடி போடச் சொன்னார்கள். போட்டேன்.

அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினாள். “அப்ப அவ சொன்னான்னு யாரு சொன்னது?”

“நான்தான். பாதியப் பாக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது.”

“நோட்டுல எழுதிட்டா வேதமாம்மா? ஒரு வாரமா அவ மூஞ்சியப் பாக்காம போனோமே, பாவி!” என்றாள். அந்தப் பாவி நானா, அவர்களா என்று தெரியவில்லை. நான் என்று எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வருகிறோம் என்றார்கள்.

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். எந்தெந்த பாக்ஸைத் தள்ளினேன் என்பது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

“நடவுக்கு வர்றாங்கன்னா சந்தோஷம்க்கா. ஆனா ஒண்ணு கேக்குறேன். சொன்ன வாய் என்னோடது. நானே வந்து சொல்லலன்னு சொன்னேன், நம்பல. இன்னிக்கு பொட்டி சொல்லுது, நம்புறீங்க. மறுபடி அதப் போடாம விட்டுருந்தா?”

பதிலுக்குக் காத்திராமல் அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை நடவு நடந்தது. நாற்றுக்கு முப்பத்து மூன்று நாள். நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்து, தவறு யாருடையது என்று எழுதி, என் பெயரையும் போட்டிருக்கிறேன். அந்தக் கம்பெனி இன்றும் வருடத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறது. திரும்பி வந்தால் மூன்று மாதம் இலவசமாம். வர மாட்டேன். நான் பதிந்ததைப் பார்க்க நான் யாரிடமும் அனுமதி கேட்க மாட்டேன் என்பதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் அவள் சொன்ன சொல்லுக்கு அவளே சாட்சியாக இருக்க முடியாது என்று ஒன்பது நாள் பூட்டி வைத்தது எந்தக் கம்பெனியும் இல்லை, நான். இப்போதெல்லாம் ஒருவர் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்றால், எழுதி வைத்ததைப் புரட்டுவதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்து முழுவதையும் கேட்கிறேன்.