பரிசச் சங்கிலியும் கருவாட்டுக் கூடையும்

தொண்ணூறுகளின் நடுவில், என் மகனுக்குப் பரிசம் போட மெட்ராஸுக்கு ரயிலில் போனபோது நடந்தது இது. எங்களுக்குக் காரைக்குடிக்குப் பக்கத்தில் கிராமம். பெண் வீடு சிந்தாதிரிப்பேட்டை. அவர்களும் எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து அங்கே பிழைக்கப் போனவர்கள்தான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் சொல்லச் சொல்ல வீட்டில் எழுதித் தருகிறார்கள். அதனால் பேச்சு கொஞ்சம் சுற்றி வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னே பெண் பார்க்கப் போனபோது எழும்பூரில் இறங்கி ஆட்டோவில் போயிருந்தோம். பெண் வீட்டு வாசலில் ஆட்டோக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாடகையில் தகராறு. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மாப்பிள்ளையைப் பெற்றவள் நான், ஆட்டோவுக்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த தடவை அந்த வாசலில் சொந்த வண்டியில்தான் போய் இறங்குவதென்று.

சொந்த வண்டி என்றால் பிளஷர் காரா? இவர் வயலுக்கு ஓட்டுகிற மொபெட்தான். அதை ரயிலிலேயே போட்டுக் கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் பிடித்த பிடியை விடவில்லை.

"நாம ரெண்டு பேரும் அதுல போயிருவோம். மாப்பிள்ளை எதுல வருவான்? பின்னால ஓடியாருவானா?" என்றார் இவர்.

"அவன் ஆட்டோவுல வரட்டும். பெத்தவகளுக்குத்தான் மரியாதை வேணும்" என்றேன்.

காரைக்குடி ஸ்டேஷனில் வண்டியின் பெட்ரோலை வடித்துவிட்டு, வைக்கோலைச் சுற்றி, மேலே சாக்குப் போட்டுத் தைத்தார்கள். தைக்கிறதுக்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். ரயிலில் திருட்டு பயம். பெண்ணுக்குப் போடுகிற பரிசச் சங்கிலியை எங்கே வைத்தாலும் இவர் நாலு பேரிடம் சொல்லிவிடுவார். அதனால் யாரும் பார்க்காத நேரம் அதை மஞ்சள் துணியில் முடிந்து, மொபெட்டின் பக்கப் பெட்டிக்குள் ஸ்பானருக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். சாக்குக்குள் தைத்த வண்டியை எந்தத் திருடன் பிரிக்கப்போகிறான்?

ராமேசுவரத்திலிருந்து ரயில் வந்தது. சாமான் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று வாடை. உள்ளே முழுக்கக் கருவாட்டுக் கூடை. எனக்குப் பதறிவிட்டது. சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை போட்ட வண்டி அது.

"ஏப்பா, நல்ல காரியத்துக்குப் போற வண்டி. கருவாட்டோட சேத்துப் போடாதீக" என்று கத்தினேன்.

ஏற்றுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி ஆத்தா, போடலை. நீங்க போய் ஏறுங்க" என்றார். சொன்ன சொல்லுக்கு மரியாதை கொடுத்தாரே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன். ஊர் போய்ச் சேருகிறவரை நிம்மதியான தூக்கம். இவர்தான் மடியில் ஒரு பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண் மூடாமல் வந்தார்.

எழும்பூரில் சாமான் பெட்டியிலிருந்து கூடை கூடையாகக் கருவாடு இறங்கியது. எங்கள் வண்டி இறங்கவில்லை. பார்சல் ஆபீஸில் இருந்தவர் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்.

"கருவாட்டோட வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களாமேம்மா? அடுத்த ரயில்ல ஏத்தியிருக்காங்க. வந்துரும்."

இவருக்குக் கவலையே இல்லை. "வண்டி வரும்போது வரட்டும். நகைதான் பத்திரமா இருக்கே" என்று மடியிலிருந்த பையைத் தட்டிக் காட்டினார்.

"அதுல நகை இல்லை" என்றேன்.

"பெறகு?"

"எலுமிச்சங்காய் ஊறுகாய்."

"அப்ப நகை?"

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஊறுகாயவா ராத்திரி பூரா கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்தேன்!" என்று கொண்டுவந்த துணிப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மகன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திரும்பிக்கொண்டான்.

அன்று புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் பெண் கழுத்தில் சங்கிலி போட்டாக வேண்டும். இவரிடம் சாவியைக் கொடுத்து ஸ்டேஷனில் காவல் வைத்துவிட்டு, மகனும் நானும் மறுபடியும் ஆட்டோவில்தான் போனோம். "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாகளே, நமக்குப் புதன் கெடச்சிருச்சு, பொன்னைத்தான் காணோம்" என்றான் மகன். அடிக்கக் கை ஓங்கினேன். மாப்பிள்ளையாயிற்றே என்று விட்டேன்.

பெண் வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். இவர் எங்கே என்றதற்கு, சாமான் எடுத்துக்கொண்டு வருகிறார் என்றேன். பொய்யில்லை. ஆனால் நேரத்தை ஓட்ட வேண்டுமே. விளக்கு இந்தப் பக்கம் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கம் திருப்புங்கள் என்றேன். தட்டில் வெற்றிலை வாடியிருக்கிறது, வேறு வாங்கிவாருங்கள் என்றேன். அதுவும் வந்தது. பாக்கு சரியில்லை என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் பேச்சு அடங்கிப்போனது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னும் ஏதோ கேக்கப்போறாக போலிருக்கு" என்று யாரோ கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. உள்ளறையில் பெண் விசும்புகிற சத்தம். சங்கிலி வருவதற்குள் சம்பந்தமே முறிந்துவிடும் போல ஆகிவிட்டது.

பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"என்ன குறைன்னு சொல்லிருங்க சம்பந்தி. எம்மக ஏங்கிப் போயிட்டா. கால்ல விழணும்னாலும் விழுறேன்."

அதற்கு மேல் என் வீறாப்பு நிற்கவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸ்பானர், சாக்கு, கருவாடு எல்லாம். அந்த அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இதப் போட்டு விடுங்க."

"பொண்ணு வீட்டு நகைய வாங்கிப் பொண்ணுக்கே போடுறதா? அதுக்கு நான் ஊருக்கே திரும்பிப் போயிருவேன்."

"போவீக, போவீக. இது வெளிய தெரிஞ்சா எங்க வீட்டுக்காரரு பேரன் எடுக்குற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. பேசாம வாங்க, மணியாச்சு."

போட்டேன். ராகுகாலத்துக்கு முன்னால் போட்டேன். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

இலை போடுகிற நேரம் தெருவில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், என் வீட்டுக்காரர். பெட்ரோல் போடக்கூட நிற்காமல், கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் மிதிகட்டைக்கும் மட்டும் சாக்கைக் கிழித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். வண்டியைச் சுற்றி வைக்கோல் தொங்குகிறது. அதைத் தின்ன இரண்டு மாடு பின்னாலேயே வருகிறது. மாட்டுக்குப் பின்னால் தெருப்பிள்ளைகள். ஸ்டேஷனிலேயே பக்கப் பெட்டியைத் திறந்து எடுத்த சங்கிலியை உயரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கெடச்சிருச்சு! பரிசச் சங்கிலி கெடச்சிருச்சு!" என்று கூவுகிறார்.

அத்தனை பேரும் பெண்ணின் கழுத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

பெண்ணின் அம்மா முந்திக்கொண்டார். "ரெண்டு சங்கிலியா கொண்டாந்தீக சம்பந்தி? சொல்லவே இல்லையே!"

எனக்குத் தப்பிக்க வழி விட்டார். போயிருக்கலாம். ஆனால் தன் சங்கிலியையே எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெறுங்கழுத்தோடு நிற்கிற அந்த அம்மாவைப் பார்த்ததும் கால் நகரவில்லை. இவர் கையிலிருந்ததை வாங்கிப் பெண்ணுக்குப் போட்டேன். முதலில் போட்டதைக் கழற்றி, அந்த அம்மா கழுத்தில் நானே மாட்டினேன். என் கூத்தைக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நானே சொன்னேன். முதலில் சிரித்தது அழுத கண்ணோடு இருந்த பெண்தான். இதை எழுதித் தருகிறவளும் அவள்தான். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு இப்போதும் சிரிக்கிறாள்.

கௌரவம் என்பது எனக்கு நானே தேடிக்கொள்கிற பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த அடுப்படியில் இன்னொருத்தி தன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்ததற்கு அப்புறம், சபையில் யாராவது தலைகுனிந்து நின்றால் வேடிக்கை பார்க்க எனக்கு மனசு வருவதில்லை. கை தானாக என் கழுத்துக்குப் போகிறது.