வாத்துப் பட்டை

அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் மஞ்சள் பட்டையைக் கட்டி முடித்த பிறகுதான் ரிசார்ட்டில் எல்லோரும் விசில் என்று கூப்பிடுபவள் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் தப்பு புரிந்தது.

மஞ்சள் பட்டையில் வாத்துப் படம் இருக்கும். அது வாண்டுகளுக்கு. பதின்மூன்று வயதைத் தொட்டவர்களுக்குப் படமில்லாத கறுப்புப் பட்டை.

“எனக்குப் பதினஞ்சு வயசு,” என்றாள் அந்தப் பெண், வாத்தை முறைத்தபடி.

வரிசையில் பின்னால் நின்ற பையன் ஒருவன் “குவாக்” என்றான். அவ்வளவுதான். அந்த நிமிடமே அவளுக்கு வாத்து என்று பெயர் விழுந்துவிட்டது.

கேளிக்கைப் பூங்காவோடு சேர்ந்த அந்த ரிசார்ட்டில் விசில் முதலில் பார்த்த வேலை, பெரிய ரோலர் கோஸ்டரின் வாசலில் உயரக் கம்பின் பக்கத்தில் நிற்பது. பிள்ளையின் தலை சிவப்புக் கோட்டைத் தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வெளியே. கழுத்தில் தொங்கும் விசிலை ஊதினால் வரிசை நகரும். பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். இரண்டு கோடை அப்படி நின்றவளுக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் உச்சந்தலைதான் கண்ணில் படும், முகம் பிறகுதான் வரும். வரவேற்பு மேஜையில் அந்தக் குள்ளமான பெண்ணுக்குப் பட்டை கட்டும்போதும் கை தன் பழைய புத்தியைக் காட்டிவிட்டது.

பட்டையை மாற்றிக் கட்டினாள். மன்னிப்பும் கேட்டாள். பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை.

வாத்து பழிவாங்கிய விதமே தனி. கத்தவில்லை, அப்பா அம்மாவிடம் புகார் சொல்லவில்லை. லிஃப்டில், நீச்சல் குளத்தில், சாப்பாட்டு வரிசையில், பார்த்த பிள்ளைகளிடமெல்லாம் ஒரே வரி சொன்னாள். “அந்த மாடி ரூமுக்குப் போகாதீங்க. கை தட்டிப் பாட வைப்பாங்க.”

பொய்யென்று மறுக்க முடியாத வதந்தி. அந்த மாடி அறை விசிலின் அறை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று ரிசார்ட் ஒதுக்கியது. அதை நடத்தத்தான் இந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு. வாசலில் நின்று கை தட்டி “வாங்க வாங்க” என்று கூப்பிட வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. அவள் தட்டத் தட்ட, பிள்ளைகள் சுவரோரமாக ஒதுங்கி நடையைக் கட்டினார்கள். முகத்தில் வரையும் வண்ணங்கள் டப்பாவிலேயே காய்ந்தன. மேஜைக் கால்பந்தில் ஒற்றைக் கால் உடைந்த கோல்கீப்பரும் அவளும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறை காற்று வாங்கியது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் பயமே.

“இந்த சீசன் முடியறதுக்குள்ள இங்க பசங்க இருக்கணும்மா. இல்லேன்னா டவல் இருக்கும்.”

நீச்சல் குளத்து டவல்களை அடுக்க இடமில்லாமல் சலவைப் பிரிவு நெடுநாளாக அந்த அறைமேல் கண் வைத்திருந்தது. அறை போனால் விசில் மறுபடி அந்த உயரக் கம்பின் பக்கத்துக்கே போக வேண்டியதுதான்.

இதில் கொடுமை, அந்தச் சலவைப் பிரிவில்தான் அவளுடைய அம்மா வேலை பார்த்தாள். விரிப்புகளைத் தேய்த்து மடித்தே மகளை இயற்பியல் பட்டதாரி ஆக்கியவள். வீட்டில் அதற்கு முன்னால் கல்லூரிப் படியேறியவர் யாரும் கிடையாது. மகள் பட்டம் வாங்கிய படம் அம்மாவின் துணி மடிக்கும் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. கூட மடிக்கிறவர்கள் அதைக் காட்டியே சீண்டுவார்கள்: “டிகிரி வாங்கின பொண்ணு மேல பந்து பொறுக்குதாமே?”

அம்மா அதை அப்படியே மகளிடம் இறக்கி வைப்பாள். “ரிசப்ஷன்ல ஒரு இடம் காலியாம். கௌரவமா உட்கார்ந்து பார்க்கிற வேலை. கேளேன்டி.”

“உட்காரவா படிச்சேன்?”

“பின்ன ஆடவா படிச்ச?”

உண்மையைச் சொன்னால், அதே கேள்வியை அவளும் தன்னைத் தினம் கேட்டுக்கொண்டுதான் படியேறினாள். இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது ஒரு காரணமாகுமா என்பதுதான் தெரியவில்லை.

ஒரு நாள் காலை மழையோடு பேய்க்காற்றும் சேர்ந்தது. பூங்காவின் அத்தனை ராட்டினங்களும் நின்றன. விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் வரவேற்புக் கூடத்தில் குவிந்து, மேஜை மேலிருந்த மணியை மாறி மாறி அடித்து மேனேஜரைப் பிடுங்கி எடுத்தன. பிள்ளைகள் வராந்தாக்களில் ஈரக் குடை மாதிரி அங்கங்கே சாய்ந்து கிடந்தார்கள். விசிலின் அறைக்கு வந்த முதல் ஆள் கார்பெண்டர். காதில் பென்சில், கையில் அளவு டேப்.

“அலமாரிக்கு அளவெடுக்கச் சொன்னாங்க,” என்றார். “கோச்சுக்காதம்மா. நான் வெறும் டேப்பு.”

சலவைப் பிரிவும் முந்திக்கொண்டு குடியேறத் தொடங்கியிருந்தது. விருந்து மேஜை விரிப்புகளைச் சுற்றி வைக்கும் நீள நீள அட்டைக் குழாய்கள் மூலையில் வந்து சாய்ந்திருந்தன. கார்பெண்டர் அளப்பதைப் பார்க்கப் பிடிக்காமல், விசில் அவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்கவில்லை. ஒரு குழாயை நாற்காலியில் சாய்த்து, மினி கோல்ஃப் பந்து ஒன்றை உள்ளே விட்டாள். அதன் வாயில் இன்னொரு குழாயைச் செருகி மறுபடி விட்டாள். பந்து பாதியில் படுத்துக்கொண்டது.

“சரிவு பத்தாது,” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். குவாக் என்ற அதே பையன்.

கை தட்டி “வாங்க வாங்க” என்று சொல்ல விசிலின் கைகள் தாமாக எழுந்தன. சட்டென்று பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டாள்.

“அப்படியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, குழாயில் தூக்க வேண்டிய பக்கத்தை இன்னும் இறக்கினாள்.

அவனால் தாங்க முடியவில்லை. “ஐயோ அக்கா, அந்தப் பக்கம் இல்ல,” என்று உள்ளே வந்து பிடுங்கினான். அவன் செய்வது தப்பென்று சொல்ல இன்னொருத்தி வந்தாள். அவர்கள் இருவரும் தப்பென்று சொல்ல வராந்தாவே எழுந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அறையில் கால் வைக்க இடமில்லை. கார்பெண்டரின் டேப் எப்போது யார் கைக்குப் போனது என்று அவருக்கே தெரியவில்லை.

கடைசியாக வாசலில் வாத்து நின்றாள். உள்ளே வராமல், கையைக் கட்டிக்கொண்டு.

“ரூமுக்குள்ளயே உருட்டி என்ன பண்ணப் போறீங்க?” என்றாள். “கீழ வரைக்கும் போகுமா?”

“கீழேன்னா?”

“ரிசப்ஷன் மணி வரைக்கும்.”

எல்லோரும் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் ஒரு திருப்பம், அதற்கப்புறம் கீழே மொத்தக் கூட்டமும் மேனேஜரும்.

“எனக்குத் தெரியல,” என்றாள் விசில். “நீ வேணா சொல்லு, செஞ்சு பார்க்கலாம்.”

வாத்து ஒரு கணம் அவளை எடை போட்டாள். பிறகு உள்ளே வந்தாள்.

குழாய் போதவில்லை. விசில் சலவைப் பிரிவுக்கு இறங்கி ஓடினாள்.

“எத்தனை வேணும்?” என்றாள் அம்மா.

“இருக்கிறதெல்லாம்.”

“எதுக்கு?”

“பந்து உருட்ட.”

கூட மடிக்கிறவர்களின் கண்ணெல்லாம் அம்மாமேல். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கட்டுக் குழாயைத் தானே தூக்கினாள். “நானும் வரேன். எண்ணித் திருப்பி வாங்கணும்ல,” என்றாள், அவர்களுக்குக் கேட்கும்படியாக.

படியின் முதல் பாதியில் பந்து அழகாக இறங்கியது. திருப்பத்தில்தான் வினை. வளைவுக்குக் கார்பெண்டர் வளையும் மெல்லிய பலகை கொடுத்திருந்தார். பந்து ஒவ்வொரு முறையும் அங்கே வந்ததும் விளிம்பைத் தாண்டித் தாவியது. ஒருமுறை கார்பெண்டரின் முழங்காலைப் பதம் பார்த்தது.

“எனக்கு இன்சூரன்ஸ் இல்ல,” என்றார் அவர். “கேட்டுட்டு உருட்டுங்க.”

பிள்ளைகளுக்குள் சண்டை மூண்டது. வேகத்தைக் குறைக்கணும் என்றது ஒரு கட்சி. குறைத்தார்கள், பந்து வளைவு வரை வரவே இல்லை. சுவர் வைக்கணும் என்றது இன்னொரு கட்சி. வைத்தார்கள், மோதி அங்கேயே நின்றது. ஒருவன் “போதும்பா” என்று எழுந்தான். ஒருவன் எழுந்தால் பத்துப் பேர் எழுவார்கள் என்பது வரிசைகளோடு வாழ்ந்த விசிலுக்குத் தெரியும்.

விடையும் அவளுக்குத் தெரியும். பரீட்சையில் படம் போட்டு எழுதிய விடை. நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் பந்து மணி வரைக்கும் போகும். அது அவளுடைய பந்தாகப் போகும், இவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வாயை மூடிக்கொண்டாள். “ஒரே இருட்டா இருக்கு,” என்று சொல்லி, திருப்பத்தில் இருந்த ஜன்னலின் கனத்த திரையை ஒதுக்கி விட்டாள்.

வெளியே மழையில் பெரிய ரோலர் கோஸ்டர் அசையாமல் நின்றது. வாத்து சும்மாதான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

“அது ஏன் சாஞ்சிருக்கு?”

“எது?” என்றான் குவாக் பையன்.

“தண்டவாளம்டா. திரும்புற இடத்துல பாரு. வெளிப்பக்கம் ஒசந்து, உள்பக்கம் தாழ்ந்து.” அவள் குரல் வேகம் பிடித்தது. “பலகையைத் தட்டையா வச்சிருக்கோம். சாய்க்கணும். உள்பக்கமா சாய்க்கணும்.”

கார்பெண்டர் பையிலிருந்து ஆப்புக் கட்டைகளை எடுத்து நீட்டினார். மடித்த டவல்களை அடியில் கொடுத்துப் பலகையைச் சாய்த்தார்கள். அம்மாவே தன் கையால் அவற்றை மடித்துக் கொடுத்தாள். வாத்து மேலே ஏறிப் போய்ப் பந்தை விட்டாள்.

பந்து கடகடவென்று இறங்கி வளைவில் நுழைந்தது. பலகையின்மேல் ஏறி, விளிம்பு வரை வந்து, விழப்போகிற மாதிரி பாவலா காட்டி, வழுக்கிக்கொண்டு அடுத்த குழாய்க்குள் புகுந்தது. படி நெடுக நின்ற பிள்ளைகளின் தலைகள் அதன் கூடவே திரும்பின. கீழே, கோபமான விருந்தாளி ஒருவரிடம் மேனேஜர் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் முழங்கைக்குப் பக்கத்தில் மணி டிங் என்றது.

“ஒரு நிமிஷம் சார், வரேன்,” என்றார் மேனேஜர் பழக்க தோஷத்தில். நிமிர்ந்தால் மணிக்கு முன்னால் யாரும் இல்லை. ஒரு வெள்ளைப் பந்து மட்டும் உருண்டு நின்றது.

அப்புறம் எழுந்த சத்தத்தில் மழைச் சத்தம் காணாமல் போனது. படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள் குதித்தார்கள். புகார் சொல்ல வந்த விருந்தாளி “இன்னொரு தரம் விடுங்க” என்றார். அவருடைய மகன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவன் சிரித்து அவர் இந்த விடுமுறையில் பார்த்ததே அப்போதுதான்.

மேனேஜர் மெதுவாகப் படியேறினார். குழாய்களைப் பார்த்தார், டவல்களைப் பார்த்தார், மாடி அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“அலமாரி அளவு எடுத்தாச்சா?” என்று கார்பெண்டரிடம் கேட்டார்.

“எங்க சார். டேப்பு பசங்க கிட்ட இருக்கு.”

மேனேஜர் சற்று யோசித்தார். “அவங்க கிட்டயே இருக்கட்டும்,” என்றார். “டவலுக்கு வேற இடம் பார்ப்போம்.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் ஒரு தரம் விடலாமா?” என்றார்.

“பட்டை இல்லாம முடியாது சார்,” என்றாள் வாத்து. விசிலின் மேஜையில் கிடந்த மஞ்சள் பட்டை ஒன்றை எடுத்து, அவரைத் தலையிலிருந்து கால்வரை அளப்பதுபோல் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் கட்டினாள். வாத்துப் படம் மேலே தெரிகிற மாதிரி. கட்டி முடித்ததும் விசிலைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். கணக்குத் தீர்ந்தது என்று விசில் எடுத்துக்கொண்டாள்.

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். “அந்தச் சாய்க்கிற விஷயம் உனக்கு முன்னாடியே தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்ப ஏன்டி சொல்லல?”

“திரையைத் திறந்தேனேம்மா.”

அம்மா ஜன்னலைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். எண்ணி வாங்க வந்த குழாய்களை மறந்தே போனாள். கீழே சலவைப் பிரிவில் அன்று அவள் பேச்சு ஓயவில்லை என்று பிறகு தெரிந்தது: “பந்து பொறுக்கல. படிச்சதை உருட்டிவிட்டா. நீங்க வந்து பார்த்திருக்கணும்.”

அதற்குள் மாடி அறை வாசலில் வரிசை உருவாகி, படியில் வளைந்து, வராந்தாவைத் தாண்டி லிஃப்ட் வரைக்கும் போயிருந்தது. உயரமானவர்களும் குள்ளமானவர்களும் கலந்து நின்றார்கள். விசில் கடைசி வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கியதை எடுத்து, கன்னம் உப்ப, முழு மூச்சாக ஊதினாள்.

வரிசை நகர்ந்தது.