புரொக்சி வரேல்லை

டிலக்ஷியைக் கெட்டிக்காரி என்று சொல்லாதவர்கள் குருநகரில் இல்லை. நல்லவள் என்று சொல்பவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். வயது முப்பத்தாறு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வரை பதினேழு அலுவலகங்களின் கொம்பியூட்டர்களை அவள்தான் பார்க்கிறாள். காலையில் ஸ்கூட்டியில் ஏறினால் பொழுதுபடத்தான் வீடு. கை சுத்தம், வாய் நீளம், கறுவம் அதைவிட நீளம். பள்ளிக்கூடத்தில் தன் கொம்பாஸ் பெட்டியை ஒளித்து வைத்தவளுக்கு, பதினாறு வருடம் கழித்து அவளுடைய கல்யாண விருந்திலேயே நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தாள்.

தொழிலில் அவளுக்குப் பிரவுசர் செய்கிறவர்களுடன் ஒரு தீராத சண்டை இருந்தது. காரணம் புரொக்சி. புரொக்சி என்பது இடையில் நிற்கிற இன்னொரு கொம்பியூட்டர். நீங்கள் கேட்பதை உங்களுக்காக அது போய்க் கேட்டு, கிடைத்ததை வாங்கி வந்து உங்களிடம் தரும். ரொறன்ரோவில் ஒரு புரொக்சி இருந்தால், நெல்லியடியில் இருப்பவரையும் இன்ரநெற் கனடாக்காரர் என்றே நம்பிவிடும். சில பிரவுசர்களில் இதற்கென்று சொந்தமாக ஒரு பெட்டி உண்டு. அதில் புரொக்சியின் விலாசத்தை எழுதினால் அந்தப் பிரவுசர் மட்டும் அந்த வழியால் போகும், மற்றவை தம்பாட்டில் நேரே போகும். ஆனால் ஊரெல்லாம் பாவிக்கிற பிரவுசரில் அந்தப் பெட்டி இல்லை. புரொக்சி என்ற இடத்தை அமத்தினால் கொம்பியூட்டரின் பொதுச் செற்றிங்ஸைத் திறந்து காட்டும். அங்கே மாற்றினால் எல்லாமே அந்த ஒரு வழியில்தான் போக வேண்டும். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிற வேலை.

'உங்கள் பிரவுசருக்குள்ளேயே ஒரு பெட்டி வையுங்கள்' என்று அவள் அந்தக் கொம்பனிக்கு மூன்று தடவை எழுதினாள். இரண்டு தடவை பதில் இல்லை. மூன்றாம் தடவை, 'பொதுச் செற்றிங்ஸே போதுமானது' என்று ஒரு வரி வந்தது. அந்த வரியையும் அவள் மறக்கவில்லை.

ஆனால் புரொக்சி என்ற சொல்லை அவள் முதன்முதல் கேட்டது கொம்பியூட்டரில் அல்ல.

2004ஆம் ஆண்டு, அவளுக்குப் பதினைந்து வயது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது, அவளுடைய அப்பா பிலிப்பு வள்ளம் இழுத்து வைக்கிற கரைக் காணியில் வேறொருவர் மீன் வாடிக் கொட்டில் போட்டிருந்தார். பிலிப்பு வழக்கு வைத்தார். அப்போது யாழ்ப்பாணத்தில் பெயரெடுத்திருந்த அப்புக்காத்து சோமசேகரம்தான் வழக்கை எடுத்தார். அவரை வழக்குப் பேச நியமிக்கிற கடதாசியில் பிலிப்பு கையெழுத்து வைத்தபோது டிலக்ஷி பக்கத்தில் நின்றாள். அந்தக் கடதாசிக்குப் பெயர் புரொக்சி. அதன் பிறகு ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் பிலிப்பு ஒரு கோவை விளைமீனோடு போவார். தவணை வெள்ளிக்கிழமை விழுந்தால் மட்டும் கையை வீசிக்கொண்டு போவார், ஐயா அன்று மீன் மச்சம் தொடமாட்டார்.

கடைசித் தவணைக்கு முதல் நாள் சோமசேகரம் சொன்னார்: "நீர் வரத் தேவையில்லை, பிலிப்பு. புரொக்சி தந்திட்டீர்தானே. நான் நிப்பன்."

பிலிப்பு அதை நம்பிக் கடலுக்குப் போனார். மறுநாள் வழக்கைக் கூப்பிட்டபோது பிலிப்புவும் இல்லை, சோமசேகரமும் இல்லை. வாடி போட்டவருக்குச் சோமசேகரம் வேறொரு காணி உறுதி எழுதிக்கொண்டிருந்த கதை பிறகுதான் வெளிவந்தது. அப்புக்காத்தரின் ஆள் யாரோ ஒருவர் மட்டும் கோட்டுக்குப் போய், "வழக்காளி குடிச்சுப்போட்டுக் கிடக்கிறார்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். வழக்குத் தள்ளுபடி. பின்னேரம் மீன் சந்தைக்கு அந்தச் செய்தி பிலிப்புவுக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. 

"புரொக்சி வரேல்லையாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு பிலிப்பு வீட்டுக்கு வந்தார். அவருடைய மனைவி லூர்த்தம்மா, "நீங்கள் குடிச்சனீங்களோ?" என்று கேட்டாள். அதுவரை ஒரு துளி வாயில் வைக்காத மனிதர் அவர். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் குடிக்கத் தொடங்கினார். ஒன்பது வருடம் குடித்தார், செத்துப்போனார். கடைசியில் அந்தப் பொய்யை அவரே உண்மையாக்கிவிட்டார். இனி யார் போய், வழக்கன்று அவர் குடிக்கவில்லை என்று சொன்னாலும் யார் நம்புவார்கள்? லூர்த்தம்மாவே நம்பவில்லை. டிலக்ஷிக்கு நெஞ்சு எரிந்தது அதற்குத்தான். காணி போனது போகட்டும், அப்பாவின் பெயரைத் திருப்பி எடுக்க வேண்டும், கெடுத்தவனின் பெயரையும் அதே மாதிரிச் சந்தியில் போட வேண்டும்.

போன தை மாதம் நெல்லியடியிலிருந்து அழைப்பு வந்தது. கூப்பிட்டவர் நீக்கிலாப்பிள்ளை, பருத்தித்துறைக்காரர், ஒரு சட்டத்தரணியின் கிளாக்கர். போய் இறங்கி வாசல் பலகையைப் பார்த்தாள்: சோமசேகரம். ஸ்கூட்டியைப் பூட்டிய திறப்பைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி உள்ளே போனாள். மனிதர் எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. அவளை அடையாளம் தெரியவில்லை.

"கனடா ரீவியிலை என்ரை பேத்தி பாடுறாள், பிள்ளை. ஞாயிறு ஞாயிறு போகுது. இங்கை திறந்தால் உங்கடை நாட்டுக்கு இல்லை எண்டு சொல்லுது."

"ஒரு புரொக்சி போட்டால் வரும், சேர்."

சோமசேகரம் சிரித்தார். "புரொக்சியோ? அது நாங்கள் கோட்டிலை போடுறதெல்லே."

"அதுமாதிரித்தான், சேர். உங்களுக்காக இன்னொரு ஆள் நிக்கும்."

"நம்பலாமோ?"

"உங்கடை புரொக்சியைச் சனம் எவ்வளவு நம்பினது, சேர். அவ்வளவுக்கு நம்பலாம்."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் தலையாட்டினார். ரொறன்ரோவில் டிலக்ஷி தன் வேலைக்காக ஒரு சேவர்க் கொம்பியூட்டரை வாடகைக்கு வைத்திருந்தாள். அதையே புரொக்சியாக்கினாள். சொந்தப் பெட்டியுள்ள பிரவுசரை இறக்கி அதில் மட்டும் போட்டிருக்கலாம். வேறு யாருக்கென்றாலும் அப்படித்தான் செய்திருப்பாள். இவருக்கு அவர் பழகிய பிரவுசரையே விட்டுவைத்து, கொம்பியூட்டரின் பொதுச் செற்றிங்ஸில் போட்டாள். மூன்று தடவை எழுதித் திட்டிய அந்தக் குறை அன்றைக்கு அவளுக்குக் கைகொடுத்தது. அந்தக் கொம்பியூட்டரிலிருந்து இனி எது வெளியே போனாலும் அவளுடைய கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு மாதம் காத்திருந்தாள். புரொக்சியில் என்ன எழுதினார், என்ன வாசித்தார் என்பது தெரியாது. எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனார் என்பது மட்டும் வரிசையாக விழும். பொழுதுபட்டால் அந்த வரிசையைப் பார்ப்பாள். ஒரு களவு, ஒரு கூடாத இடம், ஏதாவது அகப்படும் என்று கண்ணை விரித்துக்கொண்டு இருந்தாள். மனிதர் பஞ்சாங்கம் பார்த்தார். நாளுக்கு மூன்று தடவை மரண அறிவித்தல் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்த்தார். இவ்வளவுதான். இப்படி ஒரு சப்பென்ற மனிதனா எங்கள் வீட்டைக் கவிழ்த்தான் என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மாசி நடுவில் அவரே கூப்பிட்டார். ஒரு விதவைப் பெண் அவருக்கு மேல் முறைப்பாடு கொடுத்திருந்தாள். தவணைக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல் விட்டு வழக்கைத் தோற்கடித்தாராம். கொழும்பிலிருந்து ஒரு குழு வீடியோவில் விசாரிக்கப் போகிறது.

"ரெண்டு தரம் தவணை கேட்டு வாங்கிப்போட்டன். இதுதான் கடைசி. வியாழக்கிழமை பத்து மணி. நான் நிக்காட்டி அந்த மனிசி சொன்னதுதான் முடிவு. கொம்பியூட்டர் ஒழுங்கா வேலை செய்யுமோ, பிள்ளை?"

"நான் பாத்துக்கொள்ளுறன், சேர்," என்றாள் டிலக்ஷி.

வியாழக்கிழமை அவளுக்குக் கீரிமலையில் யாத்திரிகர் விடுதி ஒன்றில் வேலை. நீக்கிலாப்பிள்ளை பருத்தித்துறைக் கோட்டில் இருப்பார் என்று விசாரித்து வைத்திருந்தாள். சோமசேகரத்தின் கையில் இருப்பது பெரிய எழுத்துப் பட்டன் போன், அதில் வீடியோ வராது. பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது லப்ரொப்பைத் திறந்து, ரொறன்ரோப் புரொக்சியை நிறுத்தினாள். ஒரே ஒரு கட்டளை. பிறகு விடுதிக்காரர் கொடுத்த பால்தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள். இனித்தது.

பத்து நான்குக்குப் போன் அடித்தது.

"பிள்ளை, புரொக்சி வரேல்லையாம்."

டிலக்ஷி கண்ணை மூடிக்கொண்டாள். "என்ன சொன்னனீங்கள், சேர்?"

"புரொக்சி வரேல்லை. உதிலை அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. ஒண்டும் திறக்குதில்லை. மெயிலும் இல்லை, மீற்றிங்கும் இல்லை. என்னை அங்கை கூப்பிடுவாங்கள்."

"நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, சேர். புரொக்சி தந்திட்டியள்தானே."

போனை வைத்தாள். அது மேலும் ஒன்பது தடவை அடித்தது. ஒன்பதையும் எண்ணினாள். வெட்கப்படாமல் சொல்ல வேண்டுமென்றால், இருபத்தொரு வருடத்தில் அவளுக்கு அவ்வளவு சந்தோசமான காலை வாய்த்ததில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் இல்லை, விதவையின் பேச்சை மட்டும் கேட்டு முடிவெழுதினார்கள். மத்தியானத்துக்குள் நெல்லியடிச் சந்தி முழுக்கக் கதை பரவிவிட்டது.

வெள்ளிக்கிழமை போனாள். சோமசேகரம் கதிரையில் ஒடுங்கிப்போய் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். அவள் ஒளிக்கவில்லை.

"நீங்கள் பாவிக்கிற பிரவுசருக்குத் தனியாப் புரொக்சிப் பெட்டி இல்லை, சேர். அதாலை புரொக்சி விழுந்தால் எல்லாம் விழும். பெட்டி இருக்கிற பிரவுசரும் இருக்கு. அதிலை போட்டிருந்தால் ரீவி மட்டும்தான் விழுந்திருக்கும்."

"பிறகேன் அதைப் போடேல்லை?"

"நான் குருநகர் பிலிப்புவின்ரை மகள், சேர். புரொக்சியை நிப்பாட்டினது நான்தான்."

அவர் அவளைப் பார்த்தார். "எந்தப் பிலிப்பு?"

அவர் கத்துவார், மறுப்பார், மன்னிப்புக் கேட்பார் என்று மூன்றுக்கும் அவள் பதில் வைத்திருந்தாள். இதற்கு வைத்திருக்கவில்லை. மனிதர் நடிக்கவில்லை, உண்மையாகவே நினைத்துப் பார்த்தார். பிலிப்பு அகப்படவில்லை. "அந்த நாளையிலை கனபேர் வந்தவை, பிள்ளை," என்றார். அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அடித்த அடி காற்றில் போனது போல் இருந்தது.

முன்னறையில் நீக்கிலாப்பிள்ளை ஒரு கடிதத்தோடு இருந்தார். "கொழும்பாலை கேக்கிறாங்கள், ஏன் வரேல்லை எண்டு எழுதி அனுப்பட்டாம். கொம்பியூட்டருக்கு என்ன எண்டு எழுத, பிள்ளை?"

"கொம்பியூட்டருக்கு ஒண்டும் இல்லை. சேர் குடிச்சுப்போட்டுக் கிடந்தவர் எண்டு எழுதுங்கோ."

பேனை நின்றது. நீக்கிலாப்பிள்ளை அவளுடைய முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"விளைமீன் கொண்டாற பிலிப்பு," என்றார் மெல்ல. "கூட ஒருக்கா ஒரு பெட்டைப் பிள்ளை வந்தது. அது நீரோ?"

டிலக்ஷி தலையாட்டினாள்.

"அண்டைக்கு அந்த மனிசன் குடிக்கேல்லை, பிள்ளை. கடலுக்குப் போனவர் எண்டு எனக்குத் தெரியும். ஐயா சொல்லச் சொன்னவர். கோட்டிலை சொன்னது நான்தான்."

இருபத்தொரு வருடமாக அவள் மனதுக்குள் தேடித் தேடித் திட்டிய அந்த 'யாரோ ஒருவர்' இவர்தான். தை மாதத்திலிருந்து இந்த மனிதரின் கையால் எத்தனை தேத்தண்ணி வாங்கிக் குடித்திருக்கிறாள். இனி அந்தக் கையைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

"அப்ப நீங்கள்தான் அவருக்குப் புரொக்சி," என்றாள். "எழும்புங்கோ. உதை வந்து என்ரை அம்மாட்டைச் சொல்லுங்கோ."

"இனி என்னத்துக்கு, பிள்ளை? எத்தினை வருசம் போச்சு."

"பருத்தித்துறையிலை உங்கடை மகளின்ரை கடைக் கொம்பியூட்டரையும் நான்தான் பாக்கிறன். எழும்புங்கோ."

ஸ்கூட்டியில் இருந்த இரண்டாவது ஹெல்மெட்டை அவருடைய தலையில் வைத்து, வாரை அவளே இழுத்துப் பூட்டினாள். நேரே குருநகருக்கு விட்டாள்.

லூர்த்தம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நீக்கிலாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். கரைக்காணி, தவணை, கோட்டில் சொன்ன பொய், சொன்ன வாய். டிலக்ஷி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவ்வளவும்.

லூர்த்தம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கிளாக்கரை அவள் பார்க்கவேயில்லை. மகளைத்தான் பார்த்தாள்.

"அப்ப அந்த ஒன்பது வருசமும் நான் அந்த மனிசனைச் சும்மாவோ, பிள்ளை, ஏசினனான்?"

லூர்த்தம்மா கையைக் கழுவாமலே எழும்பி உள்ளே போய், பிலிப்புவின் படத்துக்கு முன்னால் நின்றாள்.