எட்டாவது பாட்டில் என் குரல்

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். கசப்பு மருந்தென்றால் முதல் வாயை என்னை விழுங்கச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாற்பத்தைந்து வயதாகியும் அது போகவில்லை. அவனுடைய முன்னாள் மனைவியின் ஆல்பம் வெளிவந்த வாரம் புனேயிலிருந்து போன் செய்தான். "நான் கேக்க மாட்டேன். நீ கேட்டுட்டு, என்னைப் பத்தி என்ன பாடியிருக்கான்னு சொல்லு."

அவள் மராத்திப் பெண். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நாலு ஆண்களோடு சேர்ந்து ஒரு இசைக்குழுவில் ஹிந்திப் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தாள். தன் பெயரில் மட்டும் வெளியிட்ட முதல் ஆல்பம் இதுதான். விவாகரத்து முடிந்து எட்டு மாதத்தில் ஒன்பது பாட்டு. ஆறு வருஷம் மும்பையில் எங்கள் திலக் நகர் ஃப்ளாட்டில் தம்பியோடும் என்னோடும் இருந்தவள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை, சுவாரசியமில்லாத கதை.

பாங்கு வேலைக்குப் போகும்போது லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியில் ஜன்னலோர இடம் கிடைத்த ஒரு நாள், காதில் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டேன். தம்பிக்காக என்று சொல்லிக்கொண்டாலும் என்னைத்தான் தேடினேன். புருஷனையே விட்டுவிட்டுப் போனவள் நாத்தனாரைச் சும்மா விடுவாளா?

முதல் பாட்டு பாந்த்ரா குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருக்கும் இருவரைப் பற்றியது. அடுத்தது சாமான்களைப் பிரித்துக்கொண்ட ஒரு மத்தியானம். ஏழு பாட்டு முடிந்தும் அவள் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தம்பியிடம் சொல்ல எனக்கு வசதியாக இருந்திருக்கும். "பாத்தியா, அவ புத்தியைக் காமிச்சுட்டா" என்று ஆரம்பித்திருப்பேன்.

எட்டாவது பாட்டு கிதார் இல்லாமல் ஆரம்பித்தது. முதலில் மின்விசிறிச் சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. எங்கள் வீட்டுப் படுக்கையறை மின்விசிறி அது, எத்தனை தடவை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டும் சரியாகவில்லை. அப்புறம் குக்கர் விசில். அதற்குப் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். வார்த்தை புரியவில்லை, இழுவை மட்டும் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். ஏதோ ஒரு ஸ்டேஷனில் கூட்டம் ஏறி இடித்தது. முணுமுணுப்பு முடியும் இடத்தில் ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாக விழுந்தது. "நீ யார்கிட்டயும் சொல்லாதே."

என் குரல்.

அதை நாலு தடவை திருப்பிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்து, கடைசியில் 'சொல்லாதே' மட்டும் மிஞ்சியது. அதன் மேல் அவள் பாடத் தொடங்கினாள். நான் நிமிர்ந்து பெட்டியில் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். எதிரே ஒருத்தி மடியில் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்கினேன், பாங்குக்குப் போனேன், கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு யாரோடு என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது.

அந்தப் பேச்சு எது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் பாட்டு எழுதினால் படுக்கையறை பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, அவற்றின் மேல் ரஜாய்ப் போர்வையைப் போட்டு, நடுவில் உட்கார்ந்து போனில் பாடிப் பதிவு செய்வாள். எதிரொலி வராதாம். அடுத்த சுவர் சமையலறை. ஒரு சனிக்கிழமை அவள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, நான் குக்கரை ஏற்றிவிட்டு மாம்பலத்தில் இருக்கும் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின வாரம் நான் அவளோடு செம்பூரில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அவளுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷம் அவளுக்குக் குழந்தை வேண்டாம். தம்பியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நான் கூடப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டேன், வரும்போது இளநீர் வாங்கிக் கொடுத்தேன். ஏழு நாள் தாங்கினேன். எட்டாம் நாள் சித்தியிடம் சொன்னேன். "அவளுக்கு இப்போ வேண்டாமாம். நான்தான் கிளினிக்குக்குக் கூடப் போயிட்டு வந்தேன். அம்பிக்குத் தெரியாது. நீ யார்கிட்டயும் சொல்லாதே."

ஏன் சொன்னேன்? அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பொறாமைகூட இல்லை. வாராவாரம் சித்தி ஊர்ப்பட்ட கல்யாணச் சேதி சொல்வாள், என்னிடம் பதிலுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த வாரம் இருந்தது. அவ்வளவு அற்பமான காரணம். கெட்ட எண்ணம் ஏதாவது இருந்திருந்தால்கூட இதைவிடக் கௌரவமாக இருந்திருக்கும்.

நாலே நாளில் தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது. சித்தி என் பெயரை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினாள் மகராசி. வீட்டில் நடந்ததை விவரமாக எழுத எனக்கு மனசில்லை. விஷயத்தைவிட, மாம்பலத்திலிருந்து தெரியவேண்டியிருந்ததுதான் அவனைக் கொன்றது. "ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது" என்பதையே ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சண்டை நடந்ததற்கு மறுநாள் சாயங்காலம் அவள் சமையலறைக்கு வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அக்கா, யாரு சொல்லிருப்பா?" எங்கள் வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்ட தமிழ், கறிகாய் வாங்கவும் என்னோடு பேசவும் போதுமான அளவு.

நான் காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னேன், "அந்த கிளினிக் ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு நம்மவாதான்னு நினைக்கறேன்."

போய்க் கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். "விட்டுடு, பாவம், அவ வேலை போயிடும்." எவ்வளவு பெரிய மனசு எனக்கு! அவளும் அதைத்தான் சொன்னாள்.

ஆக, ரயிலில் அந்தக் குரலைக் கேட்டதும் என் முதல் எண்ணம், இவளுக்கு எல்லாம் தெரியும், உலகத்தின் நடுவில் என்னை நிறுத்தி வைத்திருக்கிறாள் என்பதுதான். தம்பியிடம் "உன்னைத் திட்டலை, நன்னாத்தான் பாடியிருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பத்து நாளில் அந்தப் பாட்டு பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் கேட்டது. அழகுநிலையத்தில் கேட்டது. எங்கள் பில்டிங் பெண் ஒருத்தி லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது "சொல்லாதே சொல்லாதே" என்று முனகிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் நான் பால் பாக்கெட்டோடு. தமிழ் தெரியாதவர்களுக்கு அது ஒரு தாலாட்டு மாதிரி இருந்திருக்க வேண்டும். குழந்தையைத் தூங்கவைக்கும் வீடியோவுக்கெல்லாம் என் குரலைப் போட்டார்கள்.

அப்புறம் அவளுடைய பேட்டி ஒன்று பார்த்தேன். அந்தக் குரல் யாருடையது என்று கேட்டதற்கு அவள் சிரித்தாள். ஹிந்தியில் சொன்னாள்: "அது எங்கள் அக்கா. போனில் யாருக்கோ ரகசியம் சொல்கிறார். தமிழ், அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம், எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கிடைத்தது. அந்த வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்ததில் இதுதான் எனக்குப் பிடித்தது."

அவளுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தெரியாது என்றால், எந்த நாளும் தெரிந்துவிடும். முணுமுணுப்பைச் சுத்தம் செய்து கேட்க இப்போது ஆயிரம் வழி. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலையில்லாத ஒருத்தன் உட்கார்ந்து கேட்டு, பாட்டுக்குக் கீழே அர்த்தம் எழுதிவிட்டால் போதும். காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் பாட்டுக்குக் கீழே வந்திருக்கும் கருத்துகளைப் படிப்பேன். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பேன். 'இந்த ஆன்ட்டி என்ன சொல்கிறார்' என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஒருத்தி மட்டும் 'யாரிடமும் சொல்லாதே என்று அர்த்தம், முன்னால் ஏதோ கிளினிக் என்று வருகிறதோ' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்த நாள் பாங்கில் நான் ஒரே செக்குக்கு இரண்டு தடவை முத்திரை குத்தியதைப் பார்த்து, வாடிக்கையாளர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் குரல் எப்படியாவது அழிந்துபோகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். செம்பூர் கோயிலில் சுண்டல் வாங்கும் வரிசையில் நின்றுகூட வேண்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளே கூப்பிட்டாள். வீட்டைவிட்டுப் போய் மூன்று வருஷத்துக்குப் பிறகு. "அக்கா, சாப்டாச்சா?" என்றாள், நேற்றுத்தான் வீட்டைவிட்டுப் போனவள் மாதிரி. கேட்காமல் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் மன்னிப்பு! அப்புறம் ஹிந்திக்கு மாறினாள். எல்லோரும் அர்த்தம் கேட்கிறார்கள், நீங்களே கேட்டு எழுதி அனுப்புங்கள், உங்கள் வார்த்தையாகவே போட்டுவிடுகிறேன் என்றாள். வைக்கும்போது, "ஏதாவது ஊறுகாய் விஷயம்தானே?" என்று சிரித்தாள்.

ஊறுகாய் விஷயம் என்றே எழுதினேன். வடுமாங்காய்க்கு உப்பு எவ்வளவு போடுவது என்ற ரகசியம், சித்தி யாரிடமும் சொல்லக்கூடாது. நன்றாகவே வந்திருந்தது. படித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அனுப்புகிற பொத்தான்மேல் விரலை வைத்தபோது, அன்றைக்குப் பால் காய்ச்சிக்கொண்டு திரும்பாமல் பதில் சொன்ன அதே பெண்தான் இதையும் எழுதியிருக்கிறாள் என்று தோன்றியது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அழித்துவிட்டு, வார்த்தைக்கு வார்த்தை உள்ளதை ஹிந்தியில் எழுதி அனுப்பினேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

வாட்ஸப்பில் இரண்டு நீல டிக்கும் உடனே விழுந்தன. நாலாம் நாள் மத்தியானம் அவள் குரலில் ஒரே ஒரு வரி, தமிழில். "அக்கா, அன்னிக்கு நான் உங்ககிட்ட கேட்டேனே?"

சித்தியிடம் சொன்னதைப் பற்றி அவள் கேட்கவில்லை. அதற்கு என்னிடம் நூறு சமாதானம் இருந்தது. இதற்கு ஒன்றுமில்லை. "ஆமாம், கேட்டே" என்று மட்டும் பேசி அனுப்பினேன். அதையும் கேட்டாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அந்தப் பில்டிங் பெண் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, அந்தப் பாட்டை மாத்திட்டாங்க, பாத்தீங்களா? நல்ல பார்ட்டையே எடுத்துட்டாங்க" என்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். நான் இல்லை. 'அந்த ஆன்ட்டி எங்கே போனார்' என்று கீழே நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் அவள் பதில் எழுதவில்லை.

வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. இனிமேல் யாரும் அர்த்தம் கண்டுபிடிக்கப் போவதில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். மறுபடி முதலிலிருந்து போட்டேன். மின்விசிறி சுற்றுகிறது. குக்கர் கூவுகிறது, திரும்பவும் கூவுகிறது. அந்தச் சமையலறையில் அதை அணைக்க ஆள் இல்லை.