பொலிஸ் நிலையத்தில் ஓர் அரபுப் பாடம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என் பாடங்களில் ஒன்று அரபு. வளைகுடாவில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி எடுத்தது. இரண்டாம் வருடம் வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது. எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசிப்பதெல்லாம் ஆரம்ப வகுப்புக்காரரின் வேலை. நான் பக்கத்தைக் கண்ணால் பார்த்து, சொல்லின் வேரைப் பிடித்து, அகராதியைப் புரட்டுகிற ஆள்.

கன்டீனில் பழக்கமான முஸ்லிம் நண்பன் ஒருவன் இருந்தான். வீடு கொட்டாஞ்சேனை. ஒருநாள், துணியில் சுற்றிய பழைய கொப்பி ஒன்றை என்னிடம் தந்தான். அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே இறந்துபோன அவன் தாயின் கையெழுத்து. அரபு எழுத்து என்பதால், ஏதோ ஓதுகிற விஷயம் என்று அலுமாரியின் மேல்தட்டில் மரியாதையாக வைத்தவர்கள், பிரித்துப் பார்க்கவே இல்லையாம்.

“உம்மாட கொப்பி மச்சான். நீ அரபு படிக்கிறாய் தானே, என்ன எழுதீக்கி எண்டு பாத்துச் சொல்லு.”

ஒரு வாரம் மண்டையை உடைத்தும் ஒரு சொல்லுக்குக்கூட வேர் கிடைக்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். “பழைய அரபு மச்சான், கொஞ்சம் நேரமெடுக்கும்” என்று அளந்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் காலி வீதியில் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். பையில் அந்தக் கொப்பி.

“மே மொகக்த?” இது என்ன என்று கேட்டார் சப் இன்ஸ்பெக்டர். அரபு என்றேன், நான் படிக்கிற பாடம் என்றேன். அப்படியென்றால் என்ன எழுதியிருக்கிறது என்றார். அரபு படிக்கிறேன் என்கிறவனுக்கு அர்த்தம் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? இரகசியக் குறியீடு என்று சந்தேகித்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்படிப் போனவர்கள் மாதக்கணக்கில் திரும்பாத காலம் அது. ஊரில் அம்மாவுக்கு யார் அறிவிப்பார்கள் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

கொப்பி யாருடையது என்று சொன்னதும் நண்பனை அழைப்பித்தார்கள். எனக்காகத் தயங்காமல் வந்தான். வாசிக்கச் சொன்னார்கள். சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்றவன்தான். ஆனால் சில எழுத்துகளில் அவன் பார்த்தேயிராத புள்ளிகள். திணறி நின்றான். “மகே அம்மாகே பொத, சேர்”, என் அம்மாவின் கொப்பி என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். சப் இன்ஸ்பெக்டர் கொப்பியை என் பக்கம் தள்ளி, சத்தமாக வாசி என்றார்.

வேறு வழியில்லை. விரலை வைத்து, புதுப் புள்ளி வந்த இடத்தில் கிட்டிய ஒலியைப் போட்டு, பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டினேன்.

“ம… க… னுக்கு… இண்டைக்கி… பல்லு மொளச்சிரிச்சி.”

என் வாயிலிருந்து வந்தது தமிழ்! உடம்பெல்லாம் புல்லரித்தது. நண்பன் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“உம்மா ஸ்கூல் போகல்ல மச்சான். ஓதப் பள்ளிக்கு மட்டும்தான் போன.”

குர்ஆன் ஓதப் பழகிய, தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தில் தன் தமிழை எழுதிவைத்திருக்கிறாள் அந்தத் தாய். அதற்கு அரபுத் தமிழ் என்று ஒரு பெயரே இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

தொடர்ந்து வாசித்தேன். “எண்ட கையக் கடிச்சிட்டுச் சிரிக்கிறான்.” நண்பன் அதை வரிக்கு வரி சப் இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் சொன்னான். இரண்டு பக்கம் கேட்ட சப் இன்ஸ்பெக்டர், அம்மா எப்போது இறந்தார் என்று விசாரித்தார். பிறகு கொப்பியைத் தானே துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்து, “யன்ன”, போங்கள் என்றார். இருவரும் வெளியே வந்தோம்.

பிற்காலத்தில் மொழிபெயர்ப்பே என் தொழிலாயிற்று. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல இப்போது வெட்கமில்லை. ஆனால் அன்றைக்கு நான் உயிர்ப்பயத்தில் எழுத்துக்கூட்டியபோது, தாயின் குரல்கூட நினைவில்லாத ஒருவன் அவள் பேச்சை என் வாயால் கேட்டான் என்பதை நினைத்தால், இத்தனை வருடங்களுக்குப் பிறகும் உடம்பு சிலிர்க்கிறது.